வேப் மோடுக்கு செல் வாங்குவதற்கு முன்: முதலில் ஆம்ப், அப்புறம்தான் எம்ஏஎச்

பேட்டரி பேக்குகளைப் பிரித்துச் சரிசெய்வது என் தொழில். டிரில், பவர் டார்ச், மின்சைக்கிள் என்று வருவதோடு, வேப் மோட் (இ-சிகரெட்டின் பேட்டரி போடும் உடல் பகுதி) வைத்திருப்பவர்களும் உதிரி செல்லைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். "அண்ணே, இது எத்தனை எம்ஏஎச் இருக்கும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. எம்ஏஎச் என்பது செல்லுக்குள் எவ்வளவு சார்ஜ் அடங்கும் என்பதன் அளவு. நான் பதிலுக்கு வேறொன்று கேட்பேன்: "மோடை எத்தனை வாட்ல வெச்சு இழுக்கறீங்க?" எண்பது, நூறு என்று சட்டென்று பதில் வரும். ஆனால் கையில் இருக்கிற அந்த செல் எத்தனை ஆம்ப், அதாவது எவ்வளவு மின்னோட்டம், தாங்கும் என்று கேட்டால் தெரிந்திருக்காது. செல் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்தான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

கணக்குக்குள் போவதற்கு முன் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். 18650 என்ற உருளை வகை செல்களைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் அவற்றை உதிரியாக விற்பதற்காகச் செய்வதில்லை. பாதுகாப்பு சர்க்யூட்டோடு ஒரு பேக்குக்குள் போவதற்காகத்தான் செய்கின்றன. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் இதைச் சொல்லியே எச்சரித்தது: பேக்கிலிருந்து பிரித்த உதிரி செல்லை வாங்காதீர்கள், பயன்படுத்தாதீர்கள் என்று. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018இல் ப்ளோரிடாவிலும் 2019இல் டெக்சாஸிலும் வேப் சாதனம் வெடித்து ஆளே இறந்திருக்கிறார்கள். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டு, பாதுகாப்பு சர்க்யூட்டோடு வருகிற சாதனம் போதும் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும் செல் போடுகிற மோட்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்காக மேற்கொண்டு எழுதுகிறேன். வேப் சாதனமே சட்டப்படி கூடாத நாடுகளும் பல உண்டு. அங்கே இருப்பவர்களுக்கு இதே கணக்கு பவர் டார்ச்சுக்கு உதவும்.

வாட்டிலிருந்து ஆம்புக்கு

இப்போது விற்கும் மோடுகளில் பெரும்பாலானவை ரெகுலேட்டட் வகை. உள்ளே ஒரு சிப் இருக்கிறது. நீங்கள் 80 வாட் வைத்தால், செல் முழுதாக இருந்தாலும் பாதியாக இருந்தாலும் காயிலுக்கு (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) அதே 80 வாட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். செல் இறங்க இறங்க அதன் வோல்ட் குறையும். வோல்ட் குறைந்தால் அதே வாட்டை எடுக்க சிப் அதிக ஆம்பை இழுத்தாக வேண்டும். அதனால் செல்லுக்கு மிகக் கஷ்டமான நேரம் அது கிட்டத்தட்ட காலியாக இருக்கும் நேரம்தான். 4.2 வோல்ட்டை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு "20 ஆம்ப் செல் போதும்" என்று முடிவுக்கு வருபவர்கள் நிறையப் பேர். கடைசி நிலையை வைத்துத்தான் போட வேண்டும்.

மோட் "பேட்டரி குறைவு" என்று நிறுத்தும் இடம் பல சாதனங்களில் 3.2 வோல்ட்டை ஒட்டி இருக்கும். சிப் எடுப்பதில் பத்தில் ஒரு பங்கு அதிலேயே சூடாகப் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 80 வாட்டை 3.2ஆல் வகுத்து, வந்ததை 0.9ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 28 ஆம்ப். அதே 80 வாட், செல் முழுதாக இருக்கும்போது 21 ஆம்ப்தான். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த 7 ஆம்ப்தான் ஆளை ஏமாற்றுவது. 60 வாட்டுக்கு 21 ஆம்ப். 40 வாட்டுக்கு 14. கால்குலேட்டர் இல்லாமல் மனக்கணக்காகப் போட வேண்டுமென்றால், ஒரு செல்லுக்கு வரும் வாட்டை 3ஆல் வகுத்து, ஒன்றிரண்டு ஆம்ப் கூட்டிக்கொள்ளுங்கள். போதுமான அளவு சரியாக வரும்.

இரண்டு செல் போடும் மோடில் வாட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 150 வாட் என்றால் ஒரு செல்லுக்கு 75, அதாவது 26 ஆம்ப். செல்கள் சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) இருந்தாலும் பேரலலில் (இணையாக) இருந்தாலும் ஒரு செல்லின் பங்கு இதுதான். "என் காயில் 0.15 ஓம், அதற்கு எத்தனை ஆம்ப் செல்?" என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். ரெகுலேட்டட் மோடில் காயிலின் ஓம் இந்தக் கணக்குக்குள் வராது. செல்லுக்குக் காயில் தெரியாது, சிப் எவ்வளவு வாட் கேட்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

மெக்கானிக்கல் மோடில் நிலைமை நேர்மாறு. அங்கே சிப்பே இல்லை. செல், சுவிட்ச், காயில், அவ்வளவுதான். 4.2ஐ காயிலின் ஓமால் வகுத்தால் ஆம்ப். 0.5 ஓமுக்கு 8.4 ஆம்ப், 0.2க்கு 21, 0.15க்கு 28. 0.1க்கு 42 ஆம்ப், அதைத் தொடர்ந்து பத்திரமாகக் கொடுக்கும் 18650 செல்லை நான் யாருக்கும் கைகாட்ட மாட்டேன். இரண்டு செல்லை சீரீஸில் போடும் மெக்கானிக்கல் மோடில் 8.4ஐ வகுக்க வேண்டும், ஆம்ப் இரட்டிப்பாகிவிடும். ஷார்ட் ஆனாலும் நிறுத்த ஆள் இல்லை, செல் அடிமட்டத்துக்குப் போனாலும் நிறுத்த ஆள் இல்லை. அட்டாமைசரின் (காயில் இருக்கும் மேல்பகுதி) நடு ஊசி நேராக செல்லின் தலையிலேயே உட்காரும் ஹைப்ரிட் வகையில், அந்த ஊசி சுற்றியுள்ள மரையைவிட வெளியே நீண்டிருக்கா விட்டால் செல்லின் பாசிட்டிவ் முனை மோடின் உடம்போடு நேரடியாகச் சேர்ந்துவிடும். ஓம் விதியைக் கையால் போடத் தெரியாதவர்களுக்கு மெக்கானிக்கல் மோட் வேண்டாம் என்பதே என் பேச்சு. தெரிந்தவர்களுக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை.

எம்ஏஎச் கூடினால் ஏன் ஆம்ப் குறைகிறது

18650 என்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், உருளை வடிவம். 21700 என்றால் 21, 70. தகர டப்பா அளவு மாறாது. உள்ளே தாமிரத் தகடும் அலுமினியத் தகடும், ஒவ்வொன்றின் மேலும் மருந்து பூசி, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைத்து, பாய் மாதிரி சுருட்டப்பட்டிருக்கும். மருந்தைத் தடிமனாகப் பூசினால் நிறைய சேமிக்கலாம், ஆனால் லித்தியம் அயனிகள் உள்ளே போய்வர வழி நீளமாகிவிடும். மெல்லிசாகப் பூசி நீளமாகச் சுருட்டினால் மின்சாரம் வேகமாக வரும், சேமிப்பு குறையும். அதே டப்பாவுக்குள் இரண்டையும் உச்சத்துக்குக் கொண்டுபோக முடியாது.

பானசோனிக்கின் என்சிஆர்18650பி அருமையான செல், 3,400 எம்ஏஎச். ஆனால் தொடர்ச்சியாக 7 ஆம்புக்குள்தான். சாம்சங் 35இ 3,500 எம்ஏஎச், 8 ஆம்ப். லேப்டாப்புக்கும் மிதமான டார்ச்சுக்கும் இவை நல்லவை. 60 வாட் மோடுக்குள் இவற்றைப் போடவே கூடாது. "ஒரிஜினல் பானசோனிக்தானே" என்று சொல்வதால் 7 ஆம்ப் செல் 21 ஆம்பைத் தாங்கிவிடாது. சாம்சங் 25ஆர் 2,500 எம்ஏஎச்தான், ஆனால் 20 ஆம்ப். எல்ஜி எச்ஜி2 3,000 எம்ஏஎச், 20 ஆம்ப். சாம்சங் 30க்யூ 3,000 எம்ஏஎச், 15 ஆம்ப். முராட்டா விடிசி5ஏ 2,600 எம்ஏஎச், 25 ஆம்ப். மாலிசெல் பி28ஏ 2,800 எம்ஏஎச். அதன் டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) 35 ஆம்ப் வரை போகிறது, நான் 25 என்றே வைத்துக்கொள்வேன்.

அப்படி ஏன் குறைத்து வைத்துக்கொள்கிறேன் என்றால், டேட்டாஷீட்டுகளில் பெரிய ஆம்புக்குப் பக்கத்தில் பல நேரம் ஒரு நிபந்தனை இருக்கும்: செல் 80 டிகிரி செல்சியஸ் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும் என்று. பேக்குக்குள் வெப்பநிலை சென்சார் அதைக் கவனித்துக்கொள்ளும். உங்கள் மோடுக்குள் செல்லைத் தொட்டுப் பார்க்கும் சென்சார் பெரும்பாலும் இருக்காது. இன்னொரு வகை, ராப்பரில் (செல்லைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை) பெரிதாக அச்சடித்த "35 ஆம்ப்", "40 ஆம்ப்". அது சில விநாடிகளுக்கான பல்ஸ் அளவாக இருக்கும். எத்தனை விநாடி, எவ்வளவு இடைவெளி என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. அதனால் அந்த எண்ணை வைத்து இரண்டு செல்லை ஒப்பிடவே முடியாது. நிபந்தனை இல்லாத தொடர் ஆம்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூச் என்ற பெயரில் அறியப்படும் சோதனையாளர் பல ஆண்டுகளாக செல்களைச் சோதித்து, ராப்பரில் போட்டதற்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டவணையாகவே வெளியிட்டு வருகிறார். எச்கேஜே என்ற இன்னொரு சோதனையாளரின் டிஸ்சார்ஜ் வரைபடங்களும் நம்பகமானவை. வாங்கப்போகும் செல் அந்த அட்டவணைகளில் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே ஒரு மின்தடை உண்டு. இருபத்தைந்து மில்லிஓம் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆம்ப் எடுத்தால் செல்லுக்குள்ளேயே 2.5 வாட் சூடாகும். 20 ஆம்ப் எடுத்தால் 5 வாட் இல்லை, 10 வாட். ஆம்ப் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. அதோடு 20 ஆம்பில் அரை வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். 3.6 வோல்ட் இருக்கும் செல், பட்டனை அழுத்தியதும் 3.1 காட்டும், மோட் நிறுத்திவிடும். 3,500 எம்ஏஎச் செல் போட்டும் "சீக்கிரம் தீர்ந்துபோகுது" என்று வருபவர்களின் குறை இதுதான். சார்ஜ் உள்ளே இருக்கிறது, அந்த வேகத்தில் வெளியே வரவில்லை. அவர்களுக்கு 2,500 எம்ஏஎச் செல்தான் அதிக நேரம் ஓடும்.

இதே காரணத்துக்காக, புதிதாக மோட் வாங்குபவர்களிடம் நான் 21700 போடும் மோடைப் பார்க்கச் சொல்வேன். சாம்சங் 30டி 3,000 எம்ஏஎச், 35 ஆம்ப். மாலிசெல் பி42ஏ 4,200 எம்ஏஎச், அதன் டேட்டாஷீட் 45 ஆம்ப் வரை சொல்கிறது. 30 என்று வைத்து ஓட்டினால் நிம்மதி. டப்பா கொஞ்சம் பெரிதானதில் எம்ஏஎச், ஆம்ப் இரண்டுமே கூடுகின்றன. 18650 மோடுக்குள் மட்டும் இது போகாது.

ராப்பரை மட்டும் நம்பி வாங்கக்கூடாது

லித்தியம் அயன் பேட்டரியை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது சோனி, 1991இல். அந்தப் பேட்டரிப் பிரிவு 2017இல் முராட்டாவிடம் போனது. அதனால் பழைய விடிசி செல்களை இன்னும் சோனி என்றே பலர் சொல்வார்கள். நல்ல செல் செய்யும் தொழிற்சாலைகள் உலகத்திலேயே கொஞ்சம்தான். சாம்சங் எஸ்டிஐ, எல்ஜி, பானசோனிக், முராட்டா, மாலிசெல், அப்புறம் சீனாவில் சில. கடைகளில் தொங்கும் மற்ற பெயர்களில் பல, இவர்களிடம் வாங்கிய செல்லுக்குத் தங்கள் ராப்பரைப் போட்டவை. அப்படிச் செய்வது தப்பு என்று சொல்லமாட்டேன், நாணயமாகச் செய்பவர்களும் உண்டு. ஆனால் உள்ளே எந்த செல் என்று தெரியாது, இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று என்று மாறலாம். அதனால் உள்ளிருக்கும் செல்லைச் சொந்தப் பெயரிலேயே வாங்குவது மேல்.

போலியைப் பிடிக்க முதல் கருவி தராசு. நல்ல 18650 செல் 45 முதல் 48 கிராம் வரை இருக்கும். 21700 எழுபது கிராமை ஒட்டி இருக்கும். 9,900 எம்ஏஎச் என்று எழுதியவற்றை எடை போட்டால் முப்பது சொச்சத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே சின்ன செல்லை வைத்து மீதி இடத்தை எதையோ கொண்டு அடைத்தவை. 18650இல் பெரிய நிறுவனங்களே நீண்ட காலமாக 3,500, 3,600 என்ற இடத்தில்தான் நிற்கின்றன. அதே அளவு டப்பாவில் 5,000, 9,900 என்று போட்டிருந்தால் கையில்கூட எடுக்க வேண்டாம். 3,000 எம்ஏஎச்சோடு 40 ஆம்ப் என்று போட்டிருந்தாலும் அப்படித்தான்.

அடுத்து முனைகளைப் பாருங்கள். பேக்கிலிருந்து பிடுங்கிய பழைய செல்லுக்குப் புது ராப்பர் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். அடிமுனையில் சின்னச் சின்ன இரட்டைப் புள்ளிகள் தெரிந்தால் அது ஸ்பாட் வெல்டிங் தடம். அதை மறைக்கத் தேய்த்திருந்தால் அந்த இடம் மட்டும் கீறலோடு பளபளக்கும். புது செல்லின் முனை சீரான மங்கலில், சுத்தமாக இருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் வந்த உடனேயே வோல்ட் பாருங்கள். புது செல்கள் பெரும்பாலும் 3.4க்கும் 3.7க்கும் நடுவில் வரும். 2.5க்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், சார்ஜ் போட்டு எழுப்பிப் பார்க்க வேண்டாம். நான் அதற்கு மேல் உள்மின்தடையையும் அளப்பேன். ஒரே ஜோடி என்று வாங்கிய இரண்டு செல்களில் ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு காட்டினால் அது ஜோடியே இல்லை.

செல்லின் பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. ஐஎம்ஆர், ஐஎன்ஆர் என்று தொடங்குபவை மாங்கனீசு, நிக்கல் கலவைகள், மோடுக்கு ஏற்றவை அந்த வகையில் இருக்கும். ஐசிஆர் கோபால்ட், உயர் ஆம்புக்கு வேண்டாம். எழுத்து சரியாக இருப்பதால் மட்டும் ஆம்ப் சரியாகிவிடாது, மேலே சொன்ன 35இ கூட ஐஎன்ஆர்தான். "புரொடெக்டட்" என்று நுனியில் சின்ன சர்க்யூட் வைத்த செல்கள் நீளமாக இருக்கும், மோடுக்குள் சரியாக உட்காராது, பெரிய ஆம்ப் கேட்டால் அந்த சர்க்யூட்டே துண்டித்துவிடும். தலை தட்டையான, சர்க்யூட் இல்லாத செல்தான் பெரும்பாலான மோடுகளுக்கு. பாதுகாப்பு மோடில் இருக்க வேண்டும். அதனால்தான் மோடும் தரமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

வாங்கிய பிறகு

ஆபத்தின் பெரும்பகுதி செல்லின் தோளில், அதாவது மேல் விளிம்பில் இருக்கிறது. டப்பா முழுக்க, பக்கவாட்டு, அடி, மேல் விளிம்பு வரை எல்லாமே நெகட்டிவ். பாசிட்டிவ் என்பது மேலே நடுவில் உள்ள தட்டு மட்டும்தான். இரண்டுக்கும் நடுவில் மிகக் குறுகிய இடைவெளி, ஒரு காகித வளையம், ராப்பர். அந்த விளிம்பில் ராப்பர் கிழிந்தால், மோடின் உலோகம் அங்கே உரசினாலே ஷார்ட். நகக்கண் அளவு கிழிசலாக இருந்தாலும் அந்த செல்லை மோடில் போடாதீர்கள். செல்லின் மேல் பொருத்தி வெப்பக்காற்றில் சுருக்கும் பிவிசி ராப்பர் தனியாகவே கிடைக்கிறது, காகித வளையமும் கிடைக்கிறது. மாற்றிக்கொள்ளலாம். நசுங்கிய செல்லுக்கு மட்டும் வைத்தியம் கிடையாது. உள்ளே அந்தப் பிளாஸ்டிக் தாள் எங்கே கிழிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது.

உதிரி செல்லைச் சாவியோடும் சில்லறையோடும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குப் பதறும். மோட் அணைந்திருக்கிறது, செல் சும்மா இருக்கிறது என்று நினைப்பார்கள். ஒரு சாவி இரண்டு முனையையும் தொட்டால் போதும், நூறு ஆம்புக்கு மேல் பாயும், தொடையில் தீப்புண் வரும். வேப் பேட்டரித் தீக்காயங்களில் இது அடிக்கடி வருகிற கதை. பிளாஸ்டிக் பெட்டியின் விலை செல்லின் விலையில் ஒரு சின்னப் பங்குதான். செல் வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள். விமானத்தில் போகும்போது மோடும் உதிரி செல்லும் கைப்பையில்தான், செல் பெட்டிக்குள். லக்கேஜில் போட்டு அனுப்பக் கூடாது, அது சர்வதேச விதி.

இரண்டு செல் மோட் என்றால் இரண்டும் ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியது, எப்போதும் சேர்ந்தே ஓடி, சேர்ந்தே சார்ஜ் ஆக வேண்டும். ராப்பரில் மார்க்கரால் ஜோடிக்கு ஓர் எழுத்தும் வாங்கிய மாதமும் எழுதிவையுங்கள். ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று போட்டால் பலவீனமானது முதலில் அடிமட்டத்துக்குப் போகும், வலுவானது அதை இன்னும் கீழே இழுத்துக்கொண்டு போகும். ஒன்று கெட்டால் ஜோடியையே மாற்றுங்கள்.

சார்ஜுக்கு, செல்லைக் கழற்றித் தனியே போடும் நல்ல சார்ஜரே என் விருப்பம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து 4.2 வோல்ட்டில் நிறுத்தும். வேகம் 1 ஆம்ப் போதும், அவசரம் என்றால் 2. தூங்கும்போதும் வெளியே போகும்போதும் சார்ஜ் போட வேண்டாம். உறைநிலைக்குக் கீழே இருக்கும் செல்லை உடனே சார்ஜ் செய்யாமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். சில வாரங்களுக்கு எடுத்து வைப்பதாக இருந்தால் 3.6, 3.7 வோல்ட்டில் வைப்பது நல்லது. முழு சார்ஜில், வெயில் ஏறும் காருக்குள் கிடப்பதுதான் செல்லைச் சீக்கிரம் கிழடாக்கும்.

எப்போது ஓய்வு கொடுப்பது? முன்பு மாலைவரை வந்த செல் மதியமே நின்றால், வழக்கமான வாட்டிலேயே மோட் சுட ஆரம்பித்தால், முழு சார்ஜிலிருந்து எடுத்து வைத்த செல் ஒரே இரவில் 4.1க்குக் கீழே இறங்கினால், அதன் காலம் முடிந்தது. அதை டார்ச்சுக்குப் போடலாமா என்று கேட்பார்கள். முதல் இரண்டு அறிகுறிகள் மட்டும் என்றால், உடம்பு நசுங்காமல், ராப்பர் முழுதாக இருந்தால், குறைந்த ஆம்ப் டார்ச்சுக்குச் சரி. தானாக வோல்ட் இறங்கும் செல்லை எதற்கும் போடக்கூடாது. அதன் இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி, மற்ற குப்பையோடு சேர்க்காமல், பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.